மாடி அண்ணாவுக்கு, படிக்கட்டு வழக்கு விஷயமாக

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மாடி அண்ணா அவர்களின் சமூகத்திற்குக் கீழ்வீட்டுத் தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தங்கள் தம்பி மனைவியும், என் இடது முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அவ்விடம் தாங்களும், அண்ணியும், மகனும், மருமகளும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் அந்தச் சின்னஞ்சிறு பெரிய மனிதரும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். பெரிய மனிதர் வீட்டில் யாரையும் தூங்க விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். மிக்க மகிழ்ச்சி.

நிற்க. தங்கள் கார்டு கிடைத்தது. அதில் தாங்கள் எழுதியிருந்ததைத் தங்களுக்கே ஒருமுறை படித்துக் காட்ட விரும்புகிறேன். "தம்பி, பேரன் பிறந்த சந்தோஷத்தில் நீ பேர் விஷயத்தைக் கிளப்புவாய் என்று தெரியும். வேண்டாம். அந்தப் பேர் நம் இருவரோடு போகட்டும். மருமகள் இந்தக் காலத்துப் பெண். ரெண்டெழுத்தில் ஏதாவது நினைத்து வைத்திருப்பாள். நாம் மூக்கை நுழைக்கக் கூடாது. அப்படியும் உனக்கு ஆசை விடவில்லை என்றால், அந்தப் பேரை வைத்துக்கொண்டு நம் குடும்பத்தில் எவனாவது ஒருத்தன் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறான் என்று காட்டு. நானே வைக்கச் சொல்கிறேன்." இதுதான் தாங்கள் எழுதியது. வாசலில் நின்றபடியே படித்தேன். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். "காட்டு" என்று ஒருவர் சொல்லி நான் காட்டாமல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. உடனே சட்டையைப் போட்டேன். தாங்கள் கேட்டதைத் தேடிப் பழைய ஆவணக் காப்பகத்துக்குப் போய், அங்கே நான் பட்ட பாட்டைத்தான் இப்போது விவரமாக எழுதப்போகிறேன். "தாங்கள், தாங்கள்" என்று எழுதிக் கை வலிக்கிறது அண்ணா, இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு விஷயம். நம் பேரை இந்தக் கடிதத்தில் நான் எங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால் உன் தாத்தாவா, என் தாத்தாவா, நீயா, நானா என்று பாதிக் கடிதத்தில் எனக்கே குழம்பிவிடும். இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் அந்தப் பழைய பெரியவரின் இரண்டு பிள்ளைகள். "அப்பா பேரை என் மகனுக்குத்தான் வைப்பேன்" என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்று, கடைசியில் இரண்டு பேருமே வைத்துத் தொலைத்தார்கள். அந்த இரண்டு குழந்தைகள்தான் மாடியிலிருந்த உன் குடைத் தாத்தாவும், கீழே இருந்த என் சாவித் தாத்தாவும். பிறகு தாத்தா பேர் பேரனுக்கு என்று நீயும் நானும் வந்து சேர்ந்தோம். ஆக ஒரே வீட்டில் ஒரே பேரில் நாலு ஆண்பிள்ளைகள். யாராவது வாசலில் நின்னு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நாலு மூலையிலிருந்தும் "யாரு?"ன்னு குரல் வரும். கூப்பிட்டவர் பயந்தே போயிடுவார். அதனாலதானே நம்ம வீட்டுல யாரும் அந்தப் பேரை வாயாலயே சொன்னதில்ல! உன்னை மாடின்னாங்க, என்னைக் கீழ்னாங்க, பெரியவங்களைக் குடை, சாவின்னாங்க, காரியம் நடந்துச்சு. பள்ளிக்கூடத்துல முதல் நாள் வாத்தியார் அந்தப் பேரை ரெண்டு தரம் கூப்பிட்டார், ஞாபகம் இருக்கா? நாம ரெண்டு பேரும் முதல் பெஞ்சில அவர் மூக்குக்கு நேரா உட்கார்ந்திருந்தோம். வாயே திறக்கல. ரெண்டு பேரும் வரலைன்னு எழுதிட்டார். "யாருடா அவனுங்க, முதல் நாளே லீவு போட்டுட்டானுங்க"ன்னு நீ என் காதுல சொன்னே.

அப்புறம் இந்தத் தபால்காரர் செஞ்ச கூத்து. அண்ணி வீட்டிலிருந்து சம்மதம்னு உனக்கு வந்த கடிதத்தை நான் பிரிச்சுப் படிச்சுட்டு, எங்கம்மாகிட்டப் போய், "எனக்குப் பொண்ணு பாத்திருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியேம்மா"ன்னு கால் கட்டை விரலால தரையைக் கீறிக்கிட்டே கேட்டேன். எங்கம்மா சிரிச்ச சிரிப்புல மாடியிலிருந்து உங்கம்மா இறங்கி வந்து, ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சாங்க. அண்ணிகிட்ட இதை இன்னைக்கு வரைக்கும் நான் சொன்னதில்ல. நீயும் சொல்லாதே.

இதெல்லாம் பழைய கதைன்னு விட்டுடலாம். போன வருஷம் உங்க ஊர் ஆஸ்பத்திரியில என்ன நடந்தது? கண் ஆபரேஷன் எனக்கு. அட்டையில பேர், போன் நம்பர் எல்லாம் சரியா எழுதிக்கிட்டாங்க. நர்ஸ் வந்து பேரைக் கூப்பிட்டதும் நான் எழுந்தேன், துணைக்கு வந்த நீயும் எழுந்தே. எழுபது வயசுக்கு மேல ஆகியும் அந்தப் பேர் காதுல விழுந்தா உனக்குக் கால் தானா எழுந்துடுது. முன்னால நின்ன ஒரே குற்றத்துக்காக உன்னைப் பிடிச்சு உட்கார வச்சு, கண்ணாடிக் கடை வச்சு ஊர்க்காரங்க கண்ணையெல்லாம் பார்த்த உன் நல்ல கண்ணுல சொட்டு மருந்தை ஊத்திட்டாங்க. "அவரு இல்லம்மா, நானு"ன்னு நான் கத்த, "உங்களுக்கும் ஊத்தறேன் தாத்தா, இருங்க, அவசரப்படாதீங்க"ன்னு அந்தப் பொண்ணு எனக்கும் ஊத்த, உன் மருமகள் மருந்து வாங்கிக்கிட்டு வந்து பார்த்தா பெஞ்சில ரெண்டு கிழவனுங்க கண்ணை மூடிக்கிட்டு, "உன்னாலதான்", "உன்னாலதான்"னு சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். அவ சிரிச்சுச் சிரிச்சு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையிலயே உட்கார்ந்துட்டா. அப்புறம் நர்ஸ்கிட்ட பிளாஸ்திரி வாங்கி, ஒண்ணுல "மாடி"ன்னும் ஒண்ணுல "கீழ்"னும் எழுதி நம்ம சட்டையில ஒட்டினா. அன்னைக்கு நம்மைக் கூப்பிடற முறை வர்ற வரைக்கும் நாம அந்தப் பழைய வீட்டுக் கதை, படிக்கட்டுக் கதையெல்லாம் பேசினோம். அவ "அப்புறம் மாமா? அப்புறம் சின்ன மாமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ்வளவு சந்தோஷமா இருந்தது அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலதான்.

சரி, காப்பகத்துக்கு வர்றேன். பெரிய கட்டடம், உயரமான ஜன்னல், உள்ளே போனதுமே தும்மல். ஆவணங்களுக்குக் காவலா ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. மூக்குக்கண்ணாடிக்கு மேல பார்க்கிற ரகம்.

"யாரைத் தேடறீங்க?"

பேரைச் சொன்னேன்.

"சரி. உங்க பேர்?"

அதையே சொன்னேன்.

"அது தேடப்படறவர் பேர். நான் கேட்டது தேடறவர் பேர்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, மாட்டிக்கிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "காணாமப் போயிட்டீங்களா?"

நான் குடும்பக் கதை முழுக்கச் சொன்னேன். சொல்லி முடிச்சதும், "இதே பேர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்கு ஏதாவது யோசனை இருக்கா?"ன்னு கேட்டுட்டு, கோர்ட் கட்டுகள் ஒரு வண்டி நிறையக் கொண்டு வந்து தள்ளினாங்க. அண்ணா, நாமதான் இந்தப் பேருக்குச் சொந்தக்காரங்கன்னு இத்தனை நாளா இறுமாப்பா இருந்தோம்! ஊர்ல தடுக்கி விழுந்தா இந்தப் பேர்தான். எருமை காணாமப் போச்சுன்னு ஒருத்தர், எருமையைக் கண்டுபிடிச்சேன்னு ஒருத்தர், அந்த எருமை முட்டிடுச்சுன்னு ஒருத்தர், மூணு பேருக்கும் நம்ம பேர். அதுல தேடிக்கிட்டே போறப்ப ஒரு கட்டு கிடைச்சுது. ஆத்து வெள்ளத்துல ஒரு பரிசல் கவுந்து, நம்ம பேர்க்காரர் ஒருத்தர் குதிச்சு, குழந்தைகளையெல்லாம் ஒவ்வொண்ணா கரை சேர்த்திருக்கார். பரிசல்காரர் மேல நடந்த வழக்குல இவர்தான் முதல் சாட்சி. நீதிபதி தீர்ப்புலயே இவர் வீரத்தைப் பாராட்டி ஒரு பத்தி எழுதியிருக்கார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுடுச்சு. மாடி அண்ணனுக்கு இதைவிட என்ன வேணும்னு வெளியே ஓடிப்போய் மிட்டாய் வாங்கிக்கிட்டு வந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். அந்தம்மா மிட்டாயைத் தின்னு முடிச்சு, கையைத் துடைச்சுட்டு, "அப்பா பேரைப் பார்த்தீங்களா?"ன்னாங்க. பார்த்தேன். யாரோ. நமக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த வாரமே இன்னொருத்தர் கிடைச்சார். கடைவீதி மணிக்கூண்டிலிருந்து கடிகாரத்தையே கழட்டிக்கிட்டுப் போனவர். அது அடிச்ச மணியிலயே மாட்டிக்கிட்டார். கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, சாமி, இவரா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, ஒத்தைக் கண்ணைத் திறந்து அப்பா பேரைப் பார்த்தேன். அதுவும் யாரோ. அந்தச் சந்தோஷத்துல மறுபடியும் மிட்டாய். "நல்லவர் உங்க தாத்தா இல்லைன்னா அழறீங்க, திருடர் உங்க தாத்தா இல்லைன்னா சிரிக்கறீங்க, எங்களுக்கு எப்படியும் மிட்டாய். நீங்க தினமும் வாங்க சார்"னாங்க அந்தம்மா.

வீட்டுல உன் தம்பி மனைவி வேற. "செத்தவங்களைத் தேடி தினமும் இஸ்திரி போட்ட சட்டையோட கிளம்பறீங்க. இருக்கறவளுக்கு ஒரு பொட்டலம் கடுகு வாங்கிட்டு வர ஞாபகம் இல்ல"ன்னு ஒரு பாட்டு. ஆனா நான் திரும்பி வந்ததும் சட்டையிலிருக்கிற தூசியைத் தட்டிக்கிட்டே, "இன்னைக்கு யாராவது கிடைச்சாங்களா?"ன்னு கேக்காம இருந்ததே இல்ல.

கடைசியில ஒருநாள் நம்ம வீடே கிடைச்சுது அண்ணா. ஜனத்தொகைக் கணக்குப் புத்தகம் ஒண்ணுல, தெரு, கதவு எண், மாடி வச்ச வீடுன்னு எல்லாம் சரியா இருக்கு. கணக்கெடுக்க வந்தவர் பாவம், சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கார். நம்ம பேர், சிறுவன், இன்ன வயசு. அடுத்த வரியிலயும் நம்ம பேர், சிறுவன், அதே வயசு. மேலதிகாரி பார்த்திருக்கார். ஆளு என்னை மாதிரி போல, எதையும் சோதிக்காம விடமாட்டார். ரெண்டாவது வரியைச் சிவப்பு மையால ஒரே கோடா அடிச்சு, ஓரத்துல, "ஒரே பையனை இருமுறை எழுதியிருக்கிறது. இனி கவனம் தேவை" அப்படின்னு கையெழுத்துப் போட்டுட்டார்! ரெண்டாவது வரிக்கு அப்பா பேர் யாருன்னு பார்த்தேன். கீழ்வீடு. என் சாவித் தாத்தாவை அடிச்சுட்டாங்க அண்ணா. ஓடியாடி விளையாடிக்கிட்டிருந்த ஒரு பையனை, உபரின்னு அரசாங்கமே கணக்கிலிருந்து கழிச்சு விட்டுடுச்சு. முதல்ல நானும் அந்தம்மாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். கொஞ்ச நேரம் கழிச்சு எனக்குச் சிரிப்பு வரல. அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அந்தக் கதவு எண்ணை வச்சுத் தேடினதும் வழக்கும் கிடைச்சுது. ஆமா, வழக்கு! நம்ம தாத்தாக்கள் ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, அதுவும் ஒருத்தர் மேல ஒருத்தர்! வாதி பேரும் நம்ம பேர், பிரதிவாதி பேரும் நம்ம பேர். கட்டு மேல எழுதியிருக்கறதைப் பார்த்தா ஏதோ ஒரு மனுஷன் தன் மேலயே வழக்குப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. விஷயம் என்னன்னா, வீட்டைப் பிரிச்சப்ப மாடி உங்களுக்கு, கீழே எங்களுக்குன்னு எழுதினவங்க, படிக்கட்டு யாருக்குன்னு எழுதாம விட்டுட்டாங்க. படிக்கட்டு நிக்கறது எங்க கூடத்துல, ஏறிப்போறது உங்க வீட்டுக்கு. ஏதோ ஒரு கோபத்துல எங்க தாத்தா படிக்கட்டு அடியில ஒரு கம்பிக்கதவு போட்டு, பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டார். உன் தாத்தா என்ன பண்ணினார்னா, உள்ளே நின்னுக்கிட்டு குடைப் பிடியைக் கம்பிக்குள்ள விட்டுக் கொளுவி, கதவையே கீலிலிருந்து தூக்கிக் கழட்டி வச்சுட்டு, வேலைக்குப் போயிட்டார். சாட்சி சொன்னவங்க எல்லாரும் இதைச் சொல்லியிருக்காங்க. சாவித் தாத்தாவுக்குச் சாவின்னும், குடைத் தாத்தாவுக்குக் குடைன்னும் பேர் வந்தது இதுலதான் அண்ணா! மழை இல்லாத நாள்லகூட ஏன் குடை வச்சிருக்கார்னு நாம கேட்டா, "இருக்கட்டும்டா"ன்னுதானே சொல்லுவார்.

இன்னும் கேளு. வழக்குப் போட்டது உன் தாத்தா. சம்மன் எடுத்துக்கிட்டு கோர்ட் சேவகர் அமீனா வந்தார். கதவு எண்ணைப் பார்த்தார், பேரைக் கேட்டார், "நான்தான்"னு உன் தாத்தா மாடியிலிருந்து குரல் கொடுத்தார், அமீனா படியேறிப் போய் சம்மனை உன் தாத்தா கையிலயே கொடுத்துட்டார். இவர் போட்ட வழக்குல இவருக்கே சம்மன். பேரைப் பார்த்தாரே தவிர மிச்சத்தைப் படிக்கல. "அந்தப் பய என் மேல வழக்குப் போடற அளவுக்கு வந்துட்டானா!"ன்னு குதிச்சு, குடையால அமீனாவைக் குத்திக்கிட்டே படியிறக்கி விட்டிருக்கார். அமீனா எழுதின அறிக்கை அப்படியே இருக்கு: "வாதியானவர் தமது வழக்கின் பேரில் தாமே கோபமுற்று அடியேனைக் குடையால் பலமுறை குத்தினார்." அந்தம்மா இதைப் பக்கத்து அறையில இருக்கறவங்களையெல்லாம் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சா, மானம் போச்சான்னு இப்பவும் தெரியல.

அடுத்து வக்கீல். உங்க தாத்தா வச்ச வக்கீல் பெரிய ஆளு போல. அந்த ஜனத்தொகைக் கணக்கைத் தேடி எடுத்துக்கிட்டு வந்து, "கனம் நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பார் என்று ஒருவர் இந்த உலகத்தில் இல்லை. அரசாங்கமே அடித்துவிட்டது. இல்லாதவருக்குப் படிக்கட்டு எதற்கு?"ன்னு வாதம் பண்ணியிருக்கார். நீதிபதி எங்க தாத்தாவைப் பார்த்து, "நீர் இருக்கிறீரா?"ன்னு கேட்டிருக்கார். எங்க தாத்தா சொன்ன பதிலையும் எழுதி வச்சிருக்காங்க: "இருக்கிறேன் ஐயா. நேற்றும் இருந்தேன். கீழ்வீட்டில் இருக்கிறேன்." அதை நான் ரெண்டு தரம் படிச்சேன் அண்ணா. கூண்டுல நின்னுக்கிட்டு, நான் இருக்கேன்னு சொல்ல வேண்டிய நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

இனிமேதான் விசேஷம். தீர்ப்பு. பக்கம் பக்கமா எழுதி, ரெண்டு பக்க நியாயத்தையும் அலசி, கடைசி வரியில என்ன சொல்லியிருக்குன்னா, படிக்கட்டு முழுவதும் இன்னாருக்கே பாத்தியம்னு இருக்கு. இன்னார்னா யாரு? நம்ம பேர். வெறும் பேர். வாதின்னு இல்ல, பிரதிவாதின்னு இல்ல, மாடின்னு இல்ல, கீழ்னு இல்ல! எழுதின குமாஸ்தா மறந்துட்டாரோ, நீதிபதிக்கே அலுத்துப் போச்சோ, யாருக்குத் தெரியும்? உன் தாத்தா ஜெயிச்சுட்டேன்னு வீட்டுக்கு வந்தார். என் தாத்தாவும் ஜெயிச்சுட்டேன்னு வந்தார். தீர்ப்பைத் தெளிவுபடுத்தக் கோரி ரெண்டு பேரும் ஆளுக்கொரு மனுப் போட்டிருக்காங்க. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தாள்ல, "மேற்படி மனுக்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்"னு எழுதி, ஒரே பேரை ரெண்டு கையெழுத்தாப் போட்டிருக்காங்க. கேட்டா ஒருத்தருக்குப் போயிடும். கேக்காம விட்டா ரெண்டு பேருக்கும் இருக்கும். அதை யோசிச்சிருக்காங்க அண்ணா, அந்தச் சண்டைக்கார ஆளுங்க!

இப்ப உனக்கு ஒண்ணு புரிஞ்சிருக்குமே? நம்ம வீட்டுல உங்க ஆளுங்க யாரு படியேறினாலும் எங்க ஆளுங்க என்ன சொல்லுவாங்க? "போனாப் போகுது, ஏறிக்கோ." எங்க ஆளுங்க யாராவது படியில உட்கார்ந்தா உங்க ஆளுங்க என்ன சொல்லுவாங்க? "போனாப் போகுது, உட்கார்ந்துக்கோ." வாங்க, போங்கன்னு சொல்ற மாதிரி நாமும் சொல்லிக்கிட்டே வளர்ந்தோம். எதுக்குச் சொல்றோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. படிக்கட்டு அவங்கவங்களுக்குச் சொந்தம், அடுத்தவங்களுக்குப் பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுக்கறாங்க, அதுதான் அண்ணா அது! படிக்கட்டு அடியில சுவத்துல துருப்பிடிச்ச கொக்கி ரெண்டு இருக்கும், பள்ளிக்கூடப் பையை மாட்டுவோமே, அதுவும் அந்தக் கம்பிக்கதவோட கீல்தான். அதே படியில சாயங்காலம் உன் தாத்தா மேல்படியிலயும் என் தாத்தா கீழ்ப்படியிலயும் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பிரிச்சுப் படிப்பாங்க. நடுப்படியில நீயும் நானும். மேலே படிச்சு முடிச்ச தாளைக் கீழே கொடுக்கறதும், கீழே படிச்சதை மேலே கொடுக்கறதும் நம்ம வேலை. ஒரு நாள் கூட அவங்க சண்டை போட்டு நான் பார்த்ததில்ல. இப்ப அந்த வீடும் இல்ல, படியும் இல்ல. நீ ஏதோ ஊர்ல மூணாவது மாடியில இருக்கே. நான் வாடகைக்குப் பிடிச்சும் தரைத்தளத்துலயே இருக்கேன். நடுவுல படிக்கட்டுக்குப் பதிலா ஒரு பஸ் பயணம்.

அண்ணா, நேராவே சொல்லிடறேன். எனக்குப் பிள்ளைகுட்டி இல்ல. அதை நீயும் அண்ணியும் ஒருநாளும் ஒரு வார்த்தையா எடுத்ததில்ல, நானும் எடுத்ததில்ல. ஆனா உனக்குப் பேரன் பொறந்திருக்கான்னு போன் வந்த அன்னைக்கு நானும் அவளும் எதிரெதிர உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவதான் சொன்னா: "மாடி மாமா பேரை வச்சா, அது உங்க பேரும்தானே?" அவ்வளவுதான் எங்க ஆசை. யாருக்குன்னு கேக்காத வரைக்கும் ரெண்டு பேருக்கும். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தப்ப எனக்கு ஏன் சிரிப்பு நின்னுபோச்சுன்னா, எனக்கப்புறம் கீழ்வீட்டு வரி அதோட சரி. இருமுறை எழுதியிருக்கிறது, அடித்துவிடு. அந்த அதிகாரி தப்பாப் பண்ணினதைக் காலம் சரியாப் பண்ணிடும்.

ஆனா நீ கேட்டது உருப்படியான ஒரு காரியம். நான் தராசைச் சாய்ச்சுக் காட்டறவன் இல்ல. நம்ம பேர் வச்சவங்க ஒருத்தரும் வெள்ளத்துல குதிக்கல. படிக்கட்டுக்குச் சண்டை போட்டாங்க, அப்புறம் அதே படியில உட்கார்ந்து பேப்பர் படிச்சாங்க, அவ்வளவுதான். அதை உருப்படியான காரியம்னு எந்தப் புத்தகத்துலயும் எழுத மாட்டாங்க. ஆகையினால் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். குழந்தைக்கு மருமகள் விரும்புகிற பேரையே வைக்கவும். ரெண்டெழுத்தானால் என்ன, ஓரெழுத்தானால் என்ன, நான் வந்து ஆசையாகக் கூப்பிடுவேன். இனி இது பற்றி நான் வாய் திறக்க மாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். அந்தப் பெரிய மனிதர் பல்லும் சொல்லுமாய், நம் இருவரையும்போல் யாரோடும் குழம்பாத தனிப் பேரோடும், தனித் தபாலோடும் நீண்டகாலம் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் கீழ்ப்படிந்த,
கீழ்வீடு.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஒட்டின உறையைத்தான் இப்போது கிழித்து இதை எழுதுகிறேன். அவசரமா எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ. போன் வந்துச்சு. உங்க ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பொண்ணு நம்ம பேரைச் சொல்லி, நீங்கதானேன்னு கேட்டா. நான்தாம்மான்னேன். "நாளைக்குக் காலைல ஊசி போடணும், மறக்காம வந்துடுங்க"ன்னா. "எனக்கு எதுக்கும்மா ஊசி, கண்ணுதான் நல்லா தெரியுதே"ன்னேன். சிரிச்சா. "உங்களுக்கு இல்ல சார், உங்க பேரனுக்கு. தாத்தா பேரையே வச்சிருக்கீங்க, அதனால கம்ப்யூட்டர்ல தேடி உங்க நம்பரை எடுத்தேன். குழந்தையோட அம்மா போன் எடுக்கல." நான், "யாரும்மா அந்தப் பேரை எழுதச் சொன்னது?"ன்னு கேட்டேன். "அவங்கதான் சார், பொறந்த அன்னைக்கே எழுத வச்சாங்க. பேர் வைக்கிற அன்னைக்குத்தான் வீட்டுல சொல்லப் போறேன்னாங்க. ஐயோ, உங்களுக்கே தெரியாதா? சொல்லிடாதீங்க சார்! ஆமா, பேருக்குப் பக்கத்துல நடுப்படின்னு எழுதச் சொல்லியிருக்காங்களே, அது என்ன சார், ஊர்ப் பேரா?"

நீயும் நானும் உட்கார்ந்த நடுப்படி அண்ணா! ரெண்டெழுத்துக்காரின்னு நீ பழி போட்ட அந்தப் பொண்ணு, அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில சும்மா சிரிச்சுக்கிட்டு இருக்கல. நாம பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

ராங் நம்பர்மா, அது மாடி அண்ணன் பேரன்னு நான் சொல்லியிருக்கணும். "உங்க பேரனுக்கு"ன்னு அவ சொன்னா பாரு, எழுபது வருஷத்துல என்கிட்ட யாரும் சொன்னதில்ல. "கூட்டிட்டு வர்றேம்மா"ன்னு சொல்லிட்டேன். மேலே எழுதினதையெல்லாம் விட்டுடு, தோல்வியும் கிடையாது, உறுதியும் கிடையாது. மருமகள்கிட்ட எதையும் காட்டிக்காதே, அன்னைக்குச் சொல்றப்ப நல்லா ஆச்சரியப்படு, உனக்கு நடிக்கத் தெரியாது, இப்பவே கண்ணாடி முன்னாடி நின்னு பழகு. இந்தக் கடிதத்தைத் தபால்ல போடல, போட்டா எனக்கே திரும்பி வரும், கையில கொண்டு வர்றேன். உன் தம்பி மனைவி இப்பவே பையை எடுத்து வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறா, கடுகைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. முதல் பஸ்ஸுல வர்றோம். உங்க கட்டடத்துல லிப்ட் வேலை செய்யாதுன்னு தெரியும். மூணு மாடியும் ஏறி வருவேன். நான் மூச்சு வாங்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறப்ப, குழந்தையைத் தூக்கி என் கையில கொடுத்துட்டு, போனாப் போகுது, வச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லு.